ஏஐயும் சமூகமும்: நாலு துறைக்காரர்கள் சேர்ந்து உருப்படியாக ஆய்வு செய்வது எப்படி

கணினித் துறையில் இரண்டு பேர், சமூகவியலில் ஒருவர், சட்டத்தில் ஒருவர் என்று ஆள் பிடித்துவிட்டால் பல்துறை ஆய்வு தயார் என்று நினைத்துத்தான் பலரும் இறங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் இறங்கினோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கணினிக்காரர்கள் ஐந்து அத்தியாயம் எழுதி முடித்திருந்தார்கள், கடைசியில் 'சமூகத் தாக்கம்' என்று ஒன்றை ஒட்டுப்போட்ட மாதிரி வைத்திருந்தார்கள், அதை எழுதிய சமூகவியல் தோழிக்கு முந்தைய ஐந்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அந்த வரைவை அப்படியே ஓரங்கட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். அதில் கற்றுக்கொண்டதுதான் இது.

முதலில் கேள்வி. "செயற்கை நுண்ணறிவு சமூகத்தை எப்படி மாற்றுகிறது" என்பது கேள்வியே இல்லை, மாநாட்டுப் பேனரில் போடுகிற வாசகம். எந்த மென்பொருள், அதை வைத்து யார் முடிவெடுக்கிறார்கள், யார் தலையில் அந்த முடிவு விழுகிறது, விழுந்தவர் எங்கே போய் முறையிடலாம்: இந்த நாலுக்கும் ஆளுக்கொரு பதிலை எழுத முடிந்தால் கேள்வி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

நெதர்லாந்தின் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோசடி செய்திருக்கலாம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களை வரித்துறை சந்தேகப்பட்டது, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டது, கடைசியில் 2021 ஜனவரியில் அரசாங்கமே ராஜினாமா செய்தது. மோசடி ஆபத்தைக் கணிக்கும் கணினி மாதிரியில் (மாடலில்) குடியுரிமையும் ஒரு காரணியாக இருந்தது என்பதைக் கணினி ஆள் சட்டென்று பிடித்துவிடுவார். ஆனால் சின்ன எழுத்துப் பிழைக்குக்கூட முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கும் அளவுக்கு விதி இறுக்கமாக இருந்ததைச் சட்டம் படித்தவர்தான் பார்ப்பார். அந்தக் கடன் வீட்டுக்குள் என்ன செய்தது என்பது களத்துக்குப் போகிறவருக்குத்தான் தெரியும். மாதிரியை மட்டும் சரிசெய்து, விதியை அப்படியே விட்டிருந்தால்? மாட்டுகிற குடும்பங்கள் மாறியிருக்கும், அவ்வளவுதான். இப்படி ஒருவர் பதில் இல்லாமல் இன்னொருவர் பதில் நொண்டியடிக்கிற சம்பவமாகத் தேடி எடுங்கள்.

அடுத்தது சொற்கள். முதல் இரண்டு மூன்று கூட்டங்களைச் சொற்களுக்கே ஒதுக்குங்கள், வீண் வேலை மாதிரித்தான் தெரியும், பரவாயில்லை. எங்கள் குழுவில் 'பயாஸ்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சண்டை போட்டபிறகுதான் நாலு பேரும் நாலு விஷயம் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. நியூரல் நெட்வொர்க் கட்டுகிறவருக்கு அது கணக்கில் கூட்டப்படும் ஓர் எண். புள்ளியியல்காரருக்கு மதிப்பீடு ஒரே பக்கமாக விலகிப் போவது. சமூகவியலாளருக்குக் காலம் காலமாக வருகிற பாரபட்சம். வழக்கறிஞருக்கோ, நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய குற்றச்சாட்டு. பெரிய தாளில் நாலு பத்தி போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் நாலு அர்த்தத்தையும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். பயாஸ், ரிஸ்க், நியாயம், விளக்கம், இந்த நாலு சொல் போதும் ஆரம்பிக்க.

சொல் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் காம்பஸ் விவகாரம். அமெரிக்காவில் கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும் மென்பொருள் அது. 2016-இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் ஃபுளோரிடாவின் ஒரு மாவட்டத் தரவை அலசியது: மறுபடி குற்றம் செய்யாதவர்களில், கருப்பினத்தவர் 45% பேருக்குத் தவறாக 'ஆபத்தானவர்' முத்திரை, வெள்ளையரில் 23% பேருக்கு. மென்பொருளை உருவாக்கிய நிறுவனமோ, ஒரே மதிப்பெண் வாங்கியவர்கள் எந்த இனமானாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறுபடி மாட்டுகிறார்கள், இதில் என்ன அநியாயம் என்றது. இரண்டு பேர் கணக்கும் சரிதான். இரு குழுக்களிலும் மறுபடி மாட்டுகிறவர்களின் விகிதமே (அடிப்படை விகிதம்) வேறாக இருந்து, கணிப்பும் நூற்றுக்கு நூறு சரியாக இல்லாதபோது இந்த இரண்டு நியாயத்தையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாது என்று அடுத்த ஓராண்டுக்குள் கணிதமாகவே காட்டிவிட்டார்கள். எந்த நியாயம் வேண்டும் என்பதைக் கணிதம் சொல்லாது. அங்கேதான் சட்டமும் தத்துவமும் உள்ளே வரவேண்டும், அலங்காரத்துக்காக இல்லை, வேறு வழியில்லாததால்.

தரவுக்கு வருவோம். என்னைக் கேட்டால் மொத்த ஆய்வின் உயிரும் இங்கேதான். தரவு அட்டவணையைத் திரையில் திறந்து எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள், ஒவ்வொரு பத்தியாகக் காட்டி "இந்த எண்ணை யார், எப்போது, எந்த வேலைக்காகப் பதிந்தார்கள்" என்று கேளுங்கள். 'குற்றம்' என்று தலைப்பு இருக்கும், உள்ளே இருப்பது கைது. இரண்டும் ஒன்றில்லை, போலீஸ் அதிகம் சுற்றுகிற தெருவில் கைதும் அதிகம். 2019-இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல பாடம். கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று அமெரிக்க மருத்துவமனைகளில் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கணினி மாதிரி, உண்மையில் கணித்தது நோயை இல்லை, செலவை. கருப்பின நோயாளிகளுக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவாகியிருந்தது, ஏனென்றால் அவர்களுக்குச் சிகிச்சை கிடைத்ததே குறைவு. அதனால் அவர்கள் நலமாக இருப்பதாக மாதிரி முடிவுகட்டிவிட்டது. அந்தப் பிழையைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கருப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்கிட்டார்கள். மாதிரி தன் வேலையைத் துல்லியமாகத்தான் செய்தது. கொடுத்த வேலைதான் தப்பு.

அளவுகோலைப் பக்கத்துத் துறையில் கடன் வாங்கவும் தயங்காதீர்கள். ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 2018-இல் முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தபோது, தோல் நிறத்தை வகை பிரிக்கத் தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வெளிர்நிற ஆண்களுக்கு அதிகபட்சப் பிழை 0.8%, அடர்நிறப் பெண்களுக்கு 34.7% வரை. ஆண், பெண் என்று மட்டும் பிரித்துப் பார்த்திருந்தால் இது இவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்காது.

மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்கு ஒப்புதல் தருகிற நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குச் சீக்கிரமே விண்ணப்பித்துவிடுங்கள். "பொதுவெளியில் இருக்கும் சமூக ஊடகப் பதிவுகள்தானே, அனுமதி எதற்கு" என்று கணினி நண்பர் ஒருவர் நிச்சயம் கேட்பார். அவர் கட்டுரையில் மேற்கோள் காட்டிய ஒரு பதிவை எடுத்துத் தேடுபொறியில் போட்டுக் காட்டுங்கள், எழுதியவர் பெயரோடு வந்து நிற்கும். மேற்கோளைச் சொல் மாற்றி எழுதுவது நல்லது.

சாட்பாட்டை வைத்து ஆய்வு என்றால் இன்னொரு தலைவலி: நீங்கள் ஜூனில் கேள்வி கேட்ட மாடல் டிசம்பரில் அதே பெயரில் இருக்கும், ஆனால் உள்ளே அதே மாடலாக இருக்காது. பதிப்பு, தேதி, செட்டிங்ஸ், கேட்ட வாசகம் முழுசும், வந்த பதில் முழுசும் சேமித்து வையுங்கள். ஒரே கேள்வியைப் பலமுறை கேளுங்கள், ஒரு பதிலை வைத்துக்கொண்டு "ஏஐ இப்படிச் சொல்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். முடிந்தால் உங்கள் கணினியிலேயே ஓடும் திறந்த மாடல் ஒன்றிலும் அதையே செய்து பாருங்கள், அதை யாரும் உங்களுக்குத் தெரியாமல் மாற்ற முடியாது.

அப்புறம் நேரமும் பெயரும். கணினிக்காரர்கள் மாநாட்டுக் கெடுவைப் பார்த்து ஓடுவார்கள், களஆய்வு செய்கிறவருக்கு ஒரு வருஷம் போனால்தான் ஆட்கள் மனம்விட்டுப் பேசவே ஆரம்பிப்பார்கள். அதனால் நடுவில் தரவை மட்டும் விவரிக்கும் சிறு கட்டுரை ஒன்றைத் திட்டமிடுங்கள், அவசரக்காரருக்கு அது போதும். கணினி, சட்டம், சமூக அறிவியல் மூன்றையும் ஏற்கும் இடம் வேண்டுமென்றால் 2018 முதல் நடக்கும் ஃபாக்ட் (FAccT) மாநாடு இருக்கிறது. ஆசிரியர் பெயர் வரிசையை முதல் மாதத்திலேயே எழுத்தில் பேசிவிடுங்கள்: கணினியில் முதல் பெயருக்கு மதிப்பு, பொருளாதாரத்தில் பெரும்பாலும் அகர வரிசை, வரலாறு மாதிரித் துறைகளில் தனியாக எழுதியதற்குத்தான் மரியாதை. குழுவில் பிஎச்டி மாணவர் இருந்தால் அவருடைய துறை எதை ஆய்வேட்டில் எண்ணும் என்று கைடிடம் கேட்டுவிட்டு, அதற்கேற்ப மற்றவர்கள் விட்டுக்கொடுங்கள்.