வீட்டை ஒழுங்குபடுத்தப் போகிறீர்களா? முதலில் டப்பா வாங்காதீர்கள்

வீட்டை ஒழுங்குபடுத்தலாம் என்று முடிவு செய்ததும் நிறைய பேர் செய்யும் முதல் காரியம், ஒரே அளவில் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை வாங்கி வந்து அடுக்குவதுதான். இங்கேயே வேலை தடம் மாறிவிடுகிறது. உள்ளே என்ன போகப்போகிறது, எத்தனை இருக்கிறது, எந்தத் தட்டில் நிற்கும் என்று எதுவும் தெரியாமல் வாங்கிய டப்பா, கடைசியில் தானே இடத்தை அடைக்கும் இன்னொரு சாமான் ஆகிவிடும். முதலில் வேண்டாததைக் கழியுங்கள். மிச்சம் இருப்பதை இனம் வாரியாகச் சேர்த்து வையுங்கள். அப்புறம் அலமாரித் தட்டின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள் (கதவின் கீல் உள்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் பாருங்கள், டப்பா பல சமயம் இடிப்பது அங்கேதான்). வாங்குவது அதற்கும் பிறகுதான்.

மொத்த வீட்டையும் ஒரே நாளில் கொட்டிக் கவிழ்ப்பதும் வேண்டாம். சாயங்காலத்துக்குள் உடம்பு ஓய்ந்துவிடும், கட்டில்மேல் குவிந்து கிடப்பதை அப்படியே அள்ளித் திணித்துவிடுவீர்கள். ஒரு இழுப்பறையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒரு பொருளை எடுப்பதை மட்டும் யோசித்து, திருப்பி வைப்பதை யோசிக்காமல் விடுவது. கத்தரிக்கோலையே எடுத்துக்கொள்வோம். மூடி போட்ட பெட்டிக்குள் இருக்கிறது, அதன்மேல் இன்னொரு பெட்டி. வேலை ஆகவேண்டும் என்பதால் எப்படியாவது எடுத்துவிடுவோம். வெட்டி முடித்த பிறகு மேல் பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்து, கத்தரிக்கோலைப் போட்டு, மூடி, மறுபடி பெட்டியை ஏற்றி வைக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? அது மேஜையிலேயே கிடக்கும், பக்கத்தில் ஒட்டும் டேப் வரும், அதன் பக்கத்தில் பிரித்த கவர் வரும். இதற்காக வீட்டில் இருப்பவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, தப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது. தினமும் எடுக்கிற பொருளுக்கு மூடியே வேண்டாம். பயன்படுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு கையால் போட்டுவிட்டுப் போகிற மாதிரி ஒரு கூடையோ இழுப்பறையோ போதும். இரண்டு அறைகளில் தேவைப்பட்டால் இரண்டு கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள், அது வீண் செலவே இல்லை.

இடுப்பிலிருந்து தோள் உயரம் வரை உள்ள தட்டுகளில்தான் குனியாமல், எக்காமல் எடுக்க முடியும். அந்த நல்ல இடத்தை, எப்போதாவது தேவைப்படும் சாமான்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவை மேலே போகட்டும். கனமானவை கீழ்த்தட்டுக்கு. கனத்தை மேலே ஏற்றினால் எடுக்கும்போது கை நழுவலாம், அலமாரியே முன்பக்கம் சாயலாம். குழந்தைகள் இழுப்பறைகளைப் படிக்கட்டாக்கி ஏறுவார்கள், அதனால் உயரமான அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகி முடுக்கியே ஆக வேண்டும்.

பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று சுத்தம் செய்யும் திரவங்களை வேறு பாட்டில்களுக்கு மாற்றுகிறார்கள், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது என்ன என்று இன்னொருவருக்குத் தெரியாமல் போகும், குழந்தை குடித்துவிட்டால் மருத்துவரிடம் காட்டப் பெயர்கூட இருக்காது. ப்ளீச்சும் கழிவறை கழுவும் அமிலமும் கலந்தால் நச்சான குளோரின் வாயு வரும், இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள். மாத்திரைகளுக்கும் குளியலறை அலமாரி ஆகாது, அங்குள்ள சூட்டிலும் ஈரத்திலும் அவற்றின் வீரியம் குறையலாம்.

‘இதர சாமான்கள்’ என்று எழுதி ஒட்டிய பெட்டி இருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள், அதற்குள் போனது திரும்பி வருவதில்லை. எந்தக் கருவிக்கு என்று தெரியாத சார்ஜர் வயர்கள் அதில்தான் சேரும். ஒவ்வொன்றையும் செருகிப் பாருங்கள், பொருந்துவதில் கருவியின் பெயரை எழுதி ஒட்டுங்கள், பொருந்தாததை மின்கழிவில் சேருங்கள். பழைய போட்டோ, கடிதம் மாதிரியானவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவற்றில் உட்கார்ந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். மற்றவருடைய பொருளை மட்டும் அவரைக் கேட்காமல் கழிக்க வேண்டாம், உங்களுக்குக் குப்பையாகத் தெரிந்தாலும் சரி.