வர்த்தகம் பற்றிய தலைவர்களின் உரைகளைப் படிக்கும் முறை

அனைத்துலக வர்த்தகம் குறித்து ஒரு நாட்டுத் தலைவர் ஆற்றிய உரை கைக்குக் கிடைத்தால், முதலில் அதன் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அந்தத் தேதியை ஒட்டிய வாரங்களில் அவருடைய அரசு எந்தப் பொருளின் இறக்குமதி வரியை ஏற்றியது, எதைக் குறைத்தது என்று தேடுங்கள். தொடக்கக் கல்லூரியில் பொருளியல் படிப்பவருக்கும், செய்தியைத் தலைப்போடு விட்டுவிடாத வாசகருக்கும் நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள வழி இதுதான். 2018 ஜனவரி 23 அன்று சுவிட்சர்லாந்தின் டாவோசில் நடந்த உலகப் பொருளியல் மன்றக் கூட்டத்தில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, நாடுகள் தங்களுக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளும் போக்கைக் குறித்துக் கவலை தெரிவித்தார். பிப்ரவரி 1 அன்று அவருடைய அரசு தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டத்தில் கைப்பேசிக்கான சுங்க வரி 15 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இதைக் கண்டவுடன் இரட்டை வேடம் என்று எழுதிவிடக் கூடாது. டாவோசில் அவர் எதிரே இருந்தவர்கள் உலக முதலீட்டாளர்கள். வரவுசெலவுத் திட்டம் மனத்தில் கொண்டிருந்தது உள்நாட்டில் கைப்பேசி தயாரிப்பவர்களை. ஆகவே, கேட்டவர் யார் என்பதையும் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அடுத்த வேலை, உரையை முழுமையாகப் படிப்பது. இதைச் செய்யாமல் மேற்கோளை மட்டும் எடுத்தாளுவதால் எவ்வளவு குழப்பம் விளையும் என்பதற்கு அமெரிக்க அதிபர் ரானல்ட் ரேகன் 1987 ஏப்ரல் 25 அன்று ஆற்றிய வானொலி உரையைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. 2025 அக்டோபரில் கனடாவின் ஒன்டாரியோ மாநில அரசு அந்த உரையின் வாக்கியங்களை வரிசை மாற்றித் தொகுத்து, வரிவிதிப்புக்கு எதிரான விளம்பரமாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளியிட்டது. சினமடைந்த அதிபர் டோனல்ட் டிரம்ப், கனடாவுடனான வர்த்தகப் பேச்சை நிறுத்துவதாக அறிவித்தார். மூல உரையைப் படித்தால், ரேகன் அன்று எடுத்துக்கொண்ட பொருளே தாம் விதித்த ஒரு வரிதான் என்பது புலப்படும். பகுதிக்கடத்தி (மின்னணுச் சில்லு) வர்த்தகம் குறித்த உடன்பாட்டை ஜப்பான் மதிக்கவில்லை என்று கூறி, சில ஜப்பானியப் பொருள்களுக்கு 100 விழுக்காடு வரி விதித்திருந்த அவர், மனமில்லாமல்தான் அதைச் செய்ததாக விளக்கினார். அதே மூச்சில், 1930ல் அதிபர் ஹூவர் கையெழுத்திட்ட ஸ்மூட்-ஹாலி இறக்குமதி வரிச் சட்டம் 1930களின் பொருளியல் பெருமந்தத்தை மேலும் கடுமையாக்கியது என்று நினைவூட்டி, உயர்ந்த வரிகள் பதிலடியையும் வேலையிழப்பையும் கொண்டுவரும் என்று எச்சரித்தார். ஜப்பானியப் பிரதமர் நக்கசோனே வாஷிங்டனுக்கு வரவிருந்த நேரம் அது. இறக்குமதிக்குக் கடிவாளம் போடும் மசோதாவுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரமும்கூட. விருந்தாளிக்கு ஒரு செய்தியும் நாடாளுமன்றத்துக்கு வேறொரு செய்தியும் ஒரே உரைக்குள் இருந்தன. எனவே, கொள்கையைச் சொல்லும் வாக்கியத்தையும் விதிவிலக்கைச் சொல்லும் வாக்கியத்தையும் தனித்தனியாகப் பிரித்தெழுதுங்கள். ஒரு தலைவரின் உண்மையான நிலை பெரும்பாலும் விதிவிலக்கில்தான் தெரியவரும்.

சிங்கப்பூர்த் தலைவர்களின் உரைகளுக்கும் இதே அளவுகோல்தான். நம் தலைவர்கள் என்றுமே தடையற்ற வர்த்தகத்தை மட்டுமே பேசினார்கள் என்பது பரவலான எண்ணம். அது முழு உண்மை அன்று. 1960களின் முற்பகுதியில் அவர்கள் மலேசியாவோடு அமையவிருந்த பொதுச் சந்தையை நம்பினார்கள். புதிய தொழிற்சாலைகளைக் காக்க இறக்குமதி வரிகளும் விதிக்கப்பட்டன. 1965ல் பிரிவினையோடு அந்தச் சந்தைக் கனவு கலைந்தது. அதன் பிறகே பேச்சின் திசை மாறியது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவரான வெளியுறவு அமைச்சர் சி. ராஜரத்னம் 1972 பிப்ரவரியில் உலக நகரம் என்னும் கருத்தை முன்வைத்தார். சிறிய நாட்டுக்குப் பின்னிலம், அதாவது மூலப்பொருளும் சந்தையும் தரும் சுற்றுப்பகுதி, இல்லையே என்ற கவலைக்கு, உலகமே நமக்குப் பின்னிலமாகலாம் என்பது அவர் தந்த விடை. 1985 அக்டோபரில் பிரதமர் லீ குவான் இயூ அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் உரையாற்றியபோது, ஜவுளி இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் மசோதா அங்கே நிலுவையில் இருந்தது. சிங்கப்பூரோ பொருளியல் மந்தத்தில் இருந்தது. அப்படியிருந்தும் அவர் கையேந்தும் குரலில் பேசவில்லை. திறந்த சந்தை என்பது அமெரிக்கா கட்டியெழுப்பிய அமைதியின் ஒரு பகுதி என்ற கோணத்தில் வாதாடினார். கேட்பவரின் நலனிலிருந்து தொடங்கும் அந்த வாதமுறையை மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்த உரைக்கு அருகில் வைத்துப் படிக்க வேண்டியது, பிரதமர் லாரன்ஸ் வோங் 2025 ஏப்ரல் 8 அன்று நம் நாடாளுமன்றத்தில் அளித்த அறிக்கை. 2004 முதல் நடப்பில் உள்ள தடையற்ற வர்த்தக உடன்பாட்டின்படி அமெரிக்கப் பொருள்களுக்கு நாம் வரி விதிப்பதில்லை. அப்படியும் அமெரிக்கா நம்மீது 10 விழுக்காடு வரி விதித்திருந்தது. வோங் தம் ஏமாற்றத்தை மறைக்கவில்லை; பழைய உலக ஒழுங்கு மாறிவிட்டது என்று மக்களிடம் நேராகச் சொன்னார். ஆனால், பதிலடி வரி எதுவும் விதிக்கப்படவில்லை. சொல் கடுமையாகி, வரி அட்டவணை மாறாமல் இருந்த இந்த நேர்வில், மோடியின் 2018ஆம் ஆண்டு நேர்வுக்கு நேர்மாறான ஒன்றைப் பார்க்கிறோம்.

மூல உரைகளைத் தேடுவது கடினமன்று. சிங்கப்பூர்த் தலைவர்களின் பழைய உரைகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்திலும், நாடாளுமன்ற விவாதங்கள் அதன் அதிகாரபூர்வ அறிக்கையிலும் கிடைக்கும். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களையும் புரட்டலாம். முதல் பயிற்சியாக 1985ஆம் ஆண்டு உரையையும் 2025ஆம் ஆண்டு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தேதி, கேட்டவர், கொள்கை, விதிவிலக்கு, அதையொட்டி நடந்த வரிமாற்றம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். விதிவிலக்கு என்று எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால், உரையை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.