அமெரிக்க காங்கிரஸோட பழைய காகிதங்களை சேகரிக்க ஆரம்பிக்கிறது எப்படி?

அமெரிக்க சட்டங்களோட வரலாறு சம்பந்தமான பழைய புத்தகம், கையெழுத்துக் காகிதம் சேகரிக்கலாம்னு சொன்னாலே அது கோடீஸ்வரங்க வேலைன்னு நிறைய பேர் ஒதுங்கிடறாங்க. காரணம் இல்லாம இல்ல, 1789ல முதல் காங்கிரஸ் (அதாவது அமெரிக்க நாடாளுமன்றம்) போட்ட சட்டங்களோட தொகுப்புல ஜார்ஜ் வாஷிங்டனே வச்சிருந்த காப்பி, ஓரத்துல அவர் பென்சில்ல குறிப்பு எழுதினது, 2012ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 98 லட்சம் டாலருக்கு போச்சு. நியூஸ்ல வர்றது இந்த மாதிரி ஐட்டம்தான். ஆனா அதே காங்கிரஸ் 1800கள்ல அச்சடிச்சு ஊரெல்லாம் அனுப்பின ஸ்பீச், கமிட்டி ரிப்போர்ட் எல்லாம் இன்னைக்கும் சில பத்து டாலருக்கு கிடைக்குது. ஒரு சட்டம் எப்படி சண்டை போட்டு வந்துச்சு, யார் தடுத்தாங்க, யார் விடாம நின்னாங்கன்னு அந்த சாதாரண காகிதத்துலதான் தெரியும், அதனால நான் அதைத்தான் முதல்ல வாங்கச் சொல்லுவேன்.

ஸ்டெப் 1: ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கோங்க

"காங்கிரஸ் வரலாறு" முழுசும் சேகரிக்கறேன்னு கிளம்பாதீங்க. சீரியல் செட்னு சொல்ற அரசாங்க வெளியீட்டு வரிசை 1817ல ஆரம்பிச்சது, ஆயிரக்கணக்கான வால்யூம், வீடு பத்தாது, ஆயுசும் பத்தாது. ஒரு விவாதம் மட்டும் போதும்.

உதாரணத்துக்கு நான் எப்பவும் சொல்றது 1836ல ஹவுஸ்ல (காங்கிரஸோட ரெண்டு சபைல ஒண்ணான பிரதிநிதிகள் சபைல) வந்த வாய்ப்பூட்டு விதி. அடிமை முறையை ஒழிங்கன்னு மக்கள்கிட்டேருந்து, அதுலயும் பெண்கள்கிட்டேருந்து, மனுக்கள் மூட்டை மூட்டையா வந்துகிட்டிருந்த நேரம். இனிமே அந்த மனு எதையும் படிக்கக்கூடாது, விவாதிக்கக்கூடாது, வந்ததும் ஓரமா வச்சிடணும்னு மே 26 அன்னைக்கு 117க்கு 68ன்னு தீர்மானம் போட்டாங்க. அதை எதிர்த்து நின்னவர் ஜான் குவின்ஸி ஆடம்ஸ், ஜனாதிபதியா இருந்து இறங்கினப்புறம் மாசசூசெட்ஸ்லேருந்து சாதாரண மெம்பரா ஹவுஸுக்கு திரும்பி வந்த மனுஷன். 1844 டிசம்பர் 3ல 108க்கு 80 ஓட்டுல அந்த விதியை தூக்கற வரைக்கும் அவர் விடவே இல்ல. மொத்தமே எட்டு வருஷ கதை, காகிதம் நிறைய, அதுல பாதிக்கு மேல நம்ம கைக்கு எட்டற விலை.

இது பிடிக்கலன்னா வேற எடுங்க. இந்தியர்கள் அமெரிக்க குடியுரிமை வாங்கலாம்னு வழி விட்ட 1946ம் வருஷத்து லூஸ்-செல்லர் சட்டம் இருக்கு (அதுவும் வருஷத்துக்கு 100 பேருக்குத்தான் குடியேற கோட்டா குடுத்துச்சு). அதுக்கு முன்னாடி 1945ல ஹவுஸ் கமிட்டி நடத்தின விசாரணை தனி புத்தகமாவே அச்சாகி இருக்கு, நம்ம ஆளுங்க தேடி வச்சுக்க வேண்டிய புத்தகம்.

ஸ்டெப் 2: வாங்கறதுக்கு முன்னாடி ஓசில படிங்க

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1774லேருந்து 1875 வரைக்கும் உள்ள காங்கிரஸ் பதிவுகளை ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க. விவாதங்கள் எந்த வருஷம் எந்த பேர்ல வந்துச்சுன்னு மட்டும் மனசுல வச்சுக்கோங்க: 1824 வரை ஆனல்ஸ், 1824 முதல் 1837 வரை ரிஜிஸ்டர் ஆஃப் டிபேட்ஸ், 1833 முதல் 1873 வரை காங்கிரஷனல் குளோப், அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் காங்கிரஷனல் ரெக்கார்ட்.

இதுல ஆனல்ஸ் பத்தி கவனமா இருக்கணும். அது 1789ல ஆரம்பிக்குதுன்னாலும் அப்ப அச்சானது இல்ல, 1834லேருந்து 1856 வரைக்கும் பழைய பேப்பர் செய்திகளை வச்சு தொகுத்தது, அதனால "1789ம் வருஷத்து ஒரிஜினல்"னு யாராவது ஆனல்ஸ் வால்யூமை வித்தா நம்பாதீங்க.

1833-1837 காலத்துக்கு ரெண்டு பதிவு ஒரே நேரத்துல ஓடுது பாருங்க, ரிஜிஸ்டரை போட்டவங்க அப்போதைய ஜனாதிபதி ஜாக்சனுக்கு எதிரணி பக்கம் இருந்த கேல்ஸ் அண்ட் சீட்டன், குளோப் போட்டவங்க ஜாக்சன் ஆளுங்களான பிளேர் அண்ட் ரிவ்ஸ். ரெண்டுமே சொன்னதை சொன்னபடி எழுதினது கிடையாது, பேசினவங்களே பின்னாடி திருத்திக் குடுத்ததும் உண்டு. ஒரே நாள் விவாதத்தை ரெண்டுலயும் பக்கத்துல வச்சு படிச்சுப் பாருங்க, எனக்கு இந்த சேகரிப்புல ரொம்ப பிடிச்ச வேலையே இதுதான். யார் எந்தப் பக்கம் ஓட்டு போட்டாங்கன்னு பேரோட வேணும்னா ஹவுஸ் ஜர்னல்ல பாக்கணும், ஆனா அதுல பேச்சு இருக்காது.

ஸ்டெப் 3: முதல்ல ஒரு ஸ்பீச் பாம்ப்லெட் (சின்ன அச்சுப் புத்தகம்)

1838 ஜூன் 16லேருந்து ஜூலை 7 வரைக்கும் காலை நேரத்துல கிடைச்ச கொஞ்ச கொஞ்ச டைம்ல ஆடம்ஸ் ஒரே ஸ்பீச்சை தொடர்ந்து பேசினார், மனு குடுக்கற உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு, டெக்சாஸை அமெரிக்காவோட சேத்துக்கக் கூடாதுன்னு. அதை கேல்ஸ் அண்ட் சீட்டன் அதே வருஷம் தனி புத்தகமா போட்டாங்க. இந்த மாதிரி ஒண்ணை தேடுங்க.

விக்கறவங்க விவரத்துல "டிஸ்பவுண்ட்"னு போட்டிருந்தா பயப்படாதீங்க, பல பாம்ப்லெட்டை ஒண்ணா தைச்சு வச்சிருந்த வால்யூம்லேருந்து பிரிச்சு எடுத்ததுன்னு அர்த்தம். முதுகுப் பக்கம் பழைய பசை காஞ்சு போயிருக்கும், தையல் ஓட்டை வரிசையா தெரியும், அட்டை இருக்காது. அந்தக் கால பேப்பர் கந்தல் துணில செஞ்சது, அதனால பழுப்புப் புள்ளி விழுந்திருந்தாலும் தொட்டா இன்னும் கெட்டியா இருக்கும். 1870க்கு அப்புறம் மரக்கூழ் பேப்பர் வந்துடுச்சு, அதுல அச்சானது ஓரம் மடக்கினாலே உடையும், அதனால பிந்தைய காலத்தது நல்லா இருந்தா கொஞ்சம் கூட குடுத்தும் வாங்கலாம்.

ஸ்டெப் 4: முழுசா இருக்கான்னு எண்ணுங்க

ஸ்கேன் காப்பியை பக்கத்துல திறந்து வச்சு பக்கம் பக்கமா சரிபாருங்க. வரைபடமும் தனியா அச்சடிச்சு சேத்த படமும் இருக்கற அரசாங்க ரிப்போர்ட்லதான் திருட்டு அதிகம், பிளேடு வச்சு வெட்டி எடுத்து தனியா ஃப்ரேம் போட்டு வித்திருப்பாங்க. காங்கிரஸோட இன்னொரு சபையான செனட் 1845ல போட்ட, ஃப்ரீமான்ட்ங்கற ராணுவ அதிகாரியோட மேற்குப் பயண ரிப்போர்ட்ல பெரிய மடிப்பு வரைபடம் ஒண்ணு வரணும், அது இல்லாத காப்பிகள் ஏராளம். ஆட்டுத்தோல் பைண்டிங்னா கையில செம்பொடி ஒட்டுதான்னு பாருங்க, ஒட்டினா தோல் அரிச்சுகிட்டிருக்குன்னு அர்த்தம், எண்ணெய் கிண்ணெய் தடவிடாதீங்க.

ஒரிஜினலா ரீப்ரின்ட்டான்னு சந்தேகம் வந்தா பத்து மடங்கு லென்ஸ் போதும். புள்ளி புள்ளியா தெரிஞ்சா நவீன காலத்து நகல். பழைய அச்சுன்னா எழுத்து பேப்பர்ல அழுந்தி, பின்பக்கம் தடவினா லேசா தட்டுப்படும்.

ஸ்டெப் 5: கையெழுத்துக் காகிதம், இங்கதான் நிதானம் வேணும்

ஆரம்பிக்கறவங்களுக்கு ஏத்தது ஃப்ரீ ஃபிராங்க். காங்கிரஸ் மெம்பருக்கு தபால் செலவு கிடையாது, ஸ்டாம்ப்புக்கு பதிலா கடிதத்தோட முன்பக்கம் கையெழுத்து போட்டா போய்ச் சேரும். 1830கள்ல கவர் கிடையாது, காகிதத்தையே மடிச்சு அரக்கு வச்சு, வெளிப்பக்கம் விலாசம், வாஷிங்டன் தபால் முத்திரை, "ஃப்ரீ"ன்னு ஒரு முத்திரை, மூலையில மெம்பர் கையெழுத்து. ஆடம்ஸ் கையெழுத்து விலை ஏறும், ஆனா அவரோட சேந்தோ எதிர்த்தோ ஓட்டு போட்ட பேர் தெரியாத மெம்பர்களோடது மலிவா கிடைக்கும், அவங்களும் அந்த 117லயோ 68லயோ ஒருத்தர்தானே!

ஆனா ஹவுஸுக்கு வந்த ஒரிஜினல் மனு விற்பனைக்கு வந்தா கையை கட்டிக்கோங்க. மடிச்ச மனுவோட பின்பக்கத்தை பாருங்க, எந்த மெம்பர் குடுத்தார், எந்த தேதி, என்ன ஆச்சுன்னு கிளார்க் குறிச்சிருந்தா அது சபை கோப்புல இருந்த காகிதம், இருக்க வேண்டிய இடம் அரசாங்க ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்கைவ்ஸ். கையெழுத்து ஏதும் இல்லாம, அனுப்பாம விட்ட அச்சடிச்ச மனு ஃபார்ம்னா பிரச்சனை இல்ல, தாராளமா வாங்கலாம்.

இதை சும்மா பயமுறுத்த சொல்லல. உரிமைகள் சாசனத்துல (பில் ஆஃப் ரைட்ஸ், அரசியல் சட்டத்தோட முதல் திருத்தங்கள்) நார்த் கரோலினா மாநிலத்துக்கு வந்த காப்பியை 1865ல உள்நாட்டுப் போர் முடியற சமயம் ஒரு சிப்பாய் ராலே நகரத்து அரசாங்கக் கட்டடத்துலேருந்து தூக்கிட்டுப் போயிட்டார், 138 வருஷம் கழிச்சு 2003ல ஃபிலடெல்ஃபியாவுல அதை விக்க வந்தப்ப எஃப்பிஐ பொறி வச்சு மீட்டாங்க. எத்தனை கை மாறினாலும் அரசாங்கக் காகிதம் அரசாங்கத்தோடதுதான். நேஷனல் ஆர்கைவ்ஸ் காணாமப் போன ஆவணங்களோட பட்டியல் வச்சிருக்காங்க, வாங்கறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.

ஸ்டெப் 6: எங்க வாங்கறது

ஏபிஏஏன்னு அமெரிக்க பழைய புத்தக வியாபாரிங்க சங்கம் இருக்கு, 1949லேருந்து நடக்குது, அதுல மெம்பரா இருக்கற கடையில ஆரம்பிங்க, கொஞ்சம் விலை கூட இருந்தாலும் விவரம் நேர்மையா இருக்கும், கேள்வி கேட்டா பதில் வரும். நியூயார்க் ஸ்வான் கேலரிஸ் மாதிரி ஏலக்கடைகளோட பழைய விலைகளை படிச்சா எது என்ன விலைக்கு போகுதுன்னு பிடிபடும், கமிஷன் தனியா ஏறும்கறதை கணக்குல வச்சுக்கோங்க. ஈபேல நல்லது நிறைய இருக்கு, ஆனா கண்ணு பழகினப்புறம் போங்க. எங்க வாங்கினாலும் கேக்க வேண்டியது: பக்கம் எல்லாம் இருக்கா, லைப்ரரி முத்திரை இருக்கா, இருந்தா அந்த லைப்ரரி கழிச்சு விட்டதுக்கு அடையாளம் இருக்கா, உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு. கடைசி கேள்விக்கு மழுப்பினா விட்டுடுங்க.

ஸ்டெப் 7: வச்சுக்கறது

அமிலம் இல்லாத ஃபோல்டர், தனிக் காகிதத்துக்கு மைலார்ங்கற தெளிவான பிளாஸ்டிக் உறை. லாமினேஷனும் செல்லோடேப்பும் கிட்டவே வரக்கூடாது. வெயில் படாம, ஈரம் தங்காம பாத்துக்கணும், ராமபாணப் பூச்சி ஈரத்துக்குத்தான் வரும். குறிப்பு எழுதணும்னா பென்சில் மட்டும், அதுவும் ஃபோல்டர் மேல. யார்கிட்ட, எப்போ, என்ன விலைக்கு வாங்கினீங்க, அவங்களுக்கு எப்படி கிடைச்சதுன்னு சொன்னாங்கன்னு அதே ஃபோல்டர்ல எழுதி பில்லையும் கூடவே வச்சிடுங்க, நாளைக்கு நீங்க விக்கப் போனா எதிர்ல இருக்கறவர் முதல்ல கேக்கறது அதைத்தான்.