பினாங்கில் கையைக் கடிக்காமல் சுற்றிப் பார்க்க

பினாங்குக்குச் சிக்கனமாக வந்து போக நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எங்கே தங்குவது என்பதைத்தான். மற்ற எல்லாச் செலவும் அதன் பின்னால்தான் வரும். சூலியா ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு சின்ன விடுதியின் கவுண்டரில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். சென்னை, மதுரை, திருச்சி, ஈப்போ, சிங்கப்பூர் என்று எல்லா ஊர்த் தமிழர்களும் பையோடு வந்து நிற்பார்கள். எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவர்களுக்கு வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கைப்பேசியில் தேடினால் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸ், சுங்கை ஆரா பக்கமெல்லாம் நல்ல அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். நீச்சல் குளம்கூட இருக்கும். ஆனால் நீங்கள் பார்க்க வந்த கோயில், கடைத்தெரு, படகுத்துறை, பழைய வீடுகள் எல்லாம் தீவின் வடகிழக்கு மூலையில், ஜார்ஜ்டவுனில் இருக்கின்றன. போன வருடம் ஒரு குடும்பம் பாயான் லெப்பாஸில் தங்கிக்கொண்டு தினமும் கிராப் காரில் (கைப்பேசிச் செயலியில் கூப்பிடும் வாடகை வண்டி) போக வர இருந்தது. வாடகையில் மிச்சம் பிடித்ததற்கு மேலேயே காருக்குப் போயிருந்தது. அந்த அம்மா கடைசி நாள் எங்கள் கவுண்டரில் வந்து அறை விலை கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. ஜார்ஜ்டவுனுக்குள் தங்குங்கள். சூலியா ஸ்ட்ரீட், லவ் லேன், முந்த்ரி ஸ்ட்ரீட், லிட்டில் இந்தியா, இந்த வட்டத்துக்குள் எங்கே இருந்தாலும் ஊரில் பாதியை நடந்தே பார்த்துவிடலாம்.

அறை எடுக்கும்போது சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே மலிவான விடுதிகள் பெரும்பாலும் பழைய கடைவீடுகள். குறுகலாக, நீளமாக இருக்கும். நடுவில் உள்ள அறைக்கு ஜன்னல் இருக்காது, அதனால் விலை குறைவு. பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு ராத்திரி படுக்க மட்டும் வருகிறவர்களுக்கு ஜன்னல் எதற்கு? தெருவைப் பார்த்த அறையைவிட அங்கே சத்தமும் குறைவு. தனியாக வருகிறவர்களுக்கு அடுக்குக் கட்டில் போட்ட பொது அறை இன்னும் மலிவு. பெண்களுக்கு மட்டும் என்று தனி அறை உண்டா என்று கேளுங்கள், நிறைய இடத்தில் உண்டு.

இன்னொன்று, சுற்றுலா வரி. வெளிநாட்டுக்காரர்கள் ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் (இங்கே நாங்கள் 'வெள்ளி' என்போம்) கட்ட வேண்டும். 2017 செப்டம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இணையத்தில் நீங்கள் கட்டிய தொகையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது, கவுண்டரில்தான் வாங்குவோம். 50 வெள்ளி அறை என்று நினைத்து வந்தவருக்கு அது 60 வெள்ளி. ஆள் கணக்கு இல்லை, அறைக் கணக்கு என்பதால் ரெண்டு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தால் வரியும் பாதியாகிவிடும்.

நாளையும் பாருங்கள். வெள்ளி, சனி இரவுகளில் கோலாலம்பூர்க்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள், அறை விலை ஏறிவிடும். ஞாயிறு மதியம் வந்து வியாழன் கிளம்புகிறவர்களுக்கு அதே அறை குறைவாகக் கிடைக்கும். சீனப் புத்தாண்டிலும் மலேசியப் பள்ளி விடுமுறையிலும் வருவதைத் தவிர்ப்பது நல்லது. தைப்பூசத்துக்கும் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம்; ஆனால் அதற்கு மட்டும் வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. 1894-இல் வந்த வெள்ளி ரதமும், 2017-இலிருந்து தங்க ரதமும் தெருவில் வருவதைப் பார்க்கலாம். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல். அந்த நாட்களில் சாப்பாட்டுக்குக் காசு எடுக்கவே விடமாட்டார்கள். முன்கூட்டியே அறை போட்டுவிட்டு வாருங்கள்.

சரி, வந்து சேருவது எப்படி?

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து 30 நாளுக்கு விசா தேவையில்லை. 2026 கடைசிவரை இந்தச் சலுகை இருக்கிறது. ஆனால் டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் பக்கத்தைப் பார்த்தால் உடனே மூடிவிடுங்கள், அது அரசாங்கப் பக்கம் இல்லை.

சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ 2024 டிசம்பரில் நேரடி விமானம் விட்டது. கோலாலம்பூர் போய் வருவது சில நாட்களில் அதைவிட மலிவாகத் தெரியும். அங்கிருந்து இங்கே வர ஆகும் செலவையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோலாலம்பூர் வழியாக வந்தால் பஸ் எடுக்க நகரத்துக்குள் போக வேண்டியதே இல்லை. விமான நிலையத்திலிருந்து டி.பி.எஸ். என்கிற பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்துக்கு வாருங்கள், வடக்கே போகும் பஸ் அங்கே கிடைக்கும். ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். ரயில் பிடிப்பவர்கள் கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். என்கிற விரைவு ரயிலில் பட்டர்வொர்த் வந்தால் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், பஸ்ஸைவிட விலை கூடுதல்.

பஸ் டிக்கெட் வாங்கும்போது ஊர் பெயரைக் கவனியுங்கள். பினாங்கு என்று போட்டு சுங்கை நிபோங்கில் இறக்குகிற பஸ்ஸும் உண்டு, பட்டர்வொர்த்தில் இறக்குகிற பஸ்ஸும் உண்டு. சுங்கை நிபோங் தீவுக்குள்தான் இருக்கிறது என்று பலரும் அதை வாங்கிவிடுகிறார்கள். அங்கே இறங்கினால் ஜார்ஜ்டவுனுக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். பட்டர்வொர்த் வாங்குங்கள். பஸ் நிலையம், ரயில் நிலையம், ஃபெர்ரி மூன்றும் அங்கே பக்கத்தில் பக்கத்தில். 2 வெள்ளிக்கு ஃபெர்ரி ஏறினால் வெல்ட் கீ படகுத்துறையில் இறக்கிவிடும், அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். ஊரைப் பார்க்கக் கொம்தார் கோபுரத்து உச்சிக்கு ஏறிக் காசு கொடுப்பதைவிட, கடலிலிருந்து இந்த ஊரைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் அப்பா இந்தத் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பொழுதுபோக்கே ஃபெர்ரியில் அக்கரை போய் வருவதுதான்.

விமானத்தில் நேராக வந்தவர்கள் 401 பஸ் பிடியுங்கள், மூன்று வெள்ளிக்குள் ஊருக்குள் வந்துவிடலாம். ஒரு மணி நேரம் ஆகும். மூன்று பேராக, பெட்டியும் படுக்கையுமாக வந்திருந்தால் கிராப் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை.

ஊருக்குள் வந்த பிறகு

ரேப்பிட் பினாங்கு பஸ்ஸில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள். ஏறியதும் போகிற இடத்தைச் சொன்னால் ஓட்டுநர் தொகை சொல்வார், நோட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். 2 வெள்ளிக்குப் 10 வெள்ளி நோட்டைப் போட்டால் மீதி 8 வெள்ளியும் போனதுதான். அதனால் 1 வெள்ளி நோட்டுகளைத் தனியாகச் சேர்த்து வையுங்கள், இல்லையென்றால் டச் அண்ட் கோ அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். படகுத்துறைக்கும் கொம்தாருக்கும் இடையே சுற்றும் கேட் (CAT) பஸ்ஸுக்குக் காசே கிடையாது. வெயிலில் நடந்து களைத்துப்போன பெரியவர்களை அதில் ஏற்றி உட்கார வைத்தால் ஊரையும் பார்த்த மாதிரி ஆகும்.

காசு மாற்றுவது விமான நிலையத்தில் வேண்டாம், பஸ்ஸுக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதுமான அளவு மட்டும் அங்கே மாற்றுங்கள். லிட்டில் இந்தியாவிலும் அதைச் சுற்றியும் நம் ஆட்களின் பணமாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ரெண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் வித்தியாசம் இருக்கும்.

சாப்பாட்டில் இங்கே யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காலையில் பசியாற ரெண்டு ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி), ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்). ஆறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். 'ரொட்டி கோசோங்' என்று சொன்னால்தான் சாதாரண ரொட்டி வரும். பருப்புக் குழம்பு தீர்ந்துபோனால் கேளுங்கள், ஊற்றுவார்கள். குடிப்பதில்தான் காசு கூடும். ஐஸ் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை. வெறும் தண்ணீர் போதும் என்றால் 'ஆயர் சுவாம்' கேளுங்கள், வெதுவெதுப்பான தண்ணீர் சில காசுக்கு வரும். சீனர் காப்பிக் கடைகளில் ஒவ்வொருவரும் ஏதாவது குடிக்க வாங்க வேண்டும் என்பது வழக்கம், அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாசி கண்டார் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விருந்தினர்கள் அதிர்ச்சியோடு திரும்பி வருவது இந்தக் கடைகளிலிருந்துதான். தோளில் காவடி போலத் தடியைப் போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியும் சுமந்து, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு இது. ஏழைகளின் சாப்பாடுதான். இன்றைக்கும் அப்படிச் சாப்பிட முடியும், வாங்கும் முறை தெரிந்தால். வரிசையில் நிற்கும்போதே தட்டுகளைப் பார்த்துவிடுங்கள். உங்கள் முறை வந்ததும் அந்த அண்ணன் சோற்றைப் போட்டுக் கரண்டியோடு உங்கள் முகத்தைப் பார்ப்பார். பின்னால் ஆள் நிற்கிறதே என்ற அவசரத்தில் கை காட்டிக்கொண்டே போனால், முட்டையுள்ள சோத்தோங் (கணவாய்), பெரிய இறால், மீன் தலை என்று தட்டு நிறைந்துவிடும். பல கடைகளில் விலைப்பலகை இருக்காது, கடைசியில் ஒருவர் தட்டைப் பார்த்து ஒரு தொகை சொல்வார். விலை ஏறுவது இந்த மூன்றினால்தான். சோறு, ஒரு துண்டு கோழி அல்லது ஓர் அவித்த முட்டை, வெண்டைக்காய் அல்லது கோஸ், அதோடு நிறுத்திக்கொண்டு குழம்பை மட்டும் 'பஞ்ஜிர்' என்று கேளுங்கள். எல்லாக் குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றுவார், அதற்குத் தனி விலை இல்லை. ருசியே அந்தக் கலவையில்தான் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் "அண்ணே, இது எவ்வளவு?" என்று கரண்டி இறங்குவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பினாங்கு லக்சா புளிப்பாக, காய்கறிக் குழம்பு மாதிரித் தெரியும். அது மீன் குழம்பு. லிட்டில் இந்தியாவில் சைவக் கடைகள் உண்டு, சீனர்களின் சைவக் கடைகளில் காய்களை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் சோறு இன்னும் மலிவு.

பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குக் கட்டணமே இல்லை. குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833-இல் கட்டியது. நாலடி தள்ளி குவான் இன் சீனக் கோயில், அதே நேர்த்தெருவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அப்புறம் கடலுக்குள் மரக்கால் ஊன்றிய சூ ஜெட்டி வீடுகள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் இவ்வளவையும் நடந்து முடிக்கலாம். கடைவீடுகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையிலேயே நடங்கள், வெயிலும் மழையும் படாது. காசு கொடுத்து ஒரே ஒரு வீட்டுக்குள் போவதென்றால் கூ வம்சத்துச் சீனர்களின் குல வீடான கூ கொங்சியை நான் சொல்வேன். 1906-இல் கட்டி முடித்த கூரைச் சிற்பங்களை நின்று பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும்.

தூரமான இடம் நாளைக்கு ஒன்று போதும். படகுத்துறையிலிருந்து 10-ஆம் எண் பஸ் தாவரப் பூங்காவுக்குப் போகிறது. அடிக்கடி வராது, நேரம் பார்த்து நில்லுங்கள். பூங்கா இலவசம். அந்த வழியிலேயே தண்ணீர்மலை முருகன் கோயில், 513 படி. கெக் லோக் சி புத்தர் கோயிலுக்கும் பினாங்கு மலைக்கும் 204 பஸ். மலை ரயிலுக்கு வெளிநாட்டுப் பெரியவர்களுக்குப் போக வர 30 வெள்ளி வாங்குகிறார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. காலில் தெம்பு உள்ளவர்கள் தாவரப் பூங்காப் பக்கத்து மூன் கேட் வழியாக விடியற்காலையில் ஏறுங்கள்; ரெண்டு மூன்று மணி நேரம் ஆகும், செங்குத்தான இடங்கள் உண்டு. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் கையில் இருக்கும் பையைப் பறிக்கும், சாப்பாட்டை வெளியே காட்ட வேண்டாம். இறங்கும்போது மட்டும் ரயில் பிடிக்கலாம், முழங்காலுக்கும் அது நல்லது. ஏற முடியாதவர்கள் காசு கொடுத்து ரயிலில் போங்கள். வயதான அப்பா அம்மாவை அவ்வளவு தூரம் அழைத்துவந்துவிட்டு அடிவாரத்திலேயே உட்கார வைக்காதீர்கள்.

கிராப் வண்டி விலை மழை வந்தாலும் சாயந்திரம் வேலை முடியும் நேரத்திலும் சட்டென்று ஏறும். மழை என்றால் அரை மணி நேரம் ஒரு கடையில் உட்காருங்கள், மழையோடு விலையும் இறங்கும்.

ஊருக்கு வாங்கிப்போக ஜாதிக்காய்ப் பண்டங்கள் வேண்டுமென்றால் சௌராஸ்தா சந்தையில் பார்த்து, ருசி பார்த்து, பேரம் பேசி வாங்குங்கள். கிளம்பும் முந்தின நாள் கையில் உள்ள நாணயங்களை எண்ணிப் பசியாறவோ பஸ்ஸுக்கோ செலவு செய்துவிடுங்கள், பணமாற்றுக் கடையில் நாணயம் எடுக்கமாட்டார்கள். விடியற்காலை விமானம் என்றால் அந்த நேரத்தில் பஸ் இருக்காது. முந்தின இரவே விடுதிக் கவுண்டரில் சொல்லிவையுங்கள், அதே நேரத்துக்குப் போகிற வேறு ஆள் இருந்தால் ஒரே வண்டியில் பங்கு போட்டுப் போகலாம். எங்களிடம் யாராவது கேட்டால் நாங்களே பக்கத்து அறைக் கதவைத் தட்டி விசாரித்துச் சொல்வோம்.