பழைய அம்பாசடரில் கேபின் இரைச்சலைக் குறைப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

அம்பாசடர் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பின்சீட்டில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. இன்று உங்கள் காதில் விழும் இரைச்சலில் பெரும்பகுதி, வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது இல்லாதது. காய்ந்து சுருங்கிய டோர் பீடிங் (கதவோர ரப்பர்), தொய்ந்துபோன இன்ஜின் மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்), எப்போதோ கழன்று விழுந்த ரப்பர் குரோமெட் (வயர் நுழையும் ஓட்டையில் மாட்டும் வளையம்), இவை எல்லாம் பின்னால் வந்து சேர்ந்த குறைகள். அவற்றைச் சரிசெய்யாமல், சத்தத்தைக் குறைக்கும் என்று விற்கும் வெள்ளி நிற ஷீட்டை வாங்கி வண்டி முழுக்க ஒட்டினால் பணம்தான் போகும்.

அம்பாசடர் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸிலிருந்து வந்த வண்டி. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரானது. தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தகடுகளையே வெல்டு செய்து கூடாக்கிய மோனோகாக் உடல். அதனால் இன்ஜினும் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கும் கொடுக்கும் அதிர்வு நேராகத் தரைத் தகட்டுக்கும் டிக்கிக்கும் போய்விடுகிறது. இங்கே சொல்வதை பத்மினிக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் கொஞ்சம் மாற்றிச் செய்துகொள்ளலாம். ஆனால் ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு, அதில் பாடி மவுண்டிங் ரப்பர்களையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் மூன்று பொருள்களின் வேலை

கடையில் எல்லாவற்றையும் "சவுண்ட் புரூஃப் ஷீட்" என்றே தருவார்கள். உண்மையில் மூன்றும் மூன்று வேலை செய்பவை.

பியூட்டைல் டேம்பிங் ஷீட்: ஒரு பக்கம் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தாள். கோயில் மணியை அடித்ததும் கையால் பிடித்தால் நாதம் அடங்குமே, அந்த வேலையைத்தான் இது தகட்டில் செய்கிறது. காற்றில் வரும் சத்தத்தை இது பெரிதாகத் தடுக்காது. பெரிய தட்டையான தகட்டின் நடுப்பகுதியில் 30 முதல் 40 சதவீதம் ஒட்டினாலே பலன் வந்துவிடும். முழுக்க ஒட்டினால் கூடுகிற பலன் கொஞ்சம்தான்.

கனமான வினைல் ஷீட்: மாஸ் லோடட் வினைல் என்று கேளுங்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ எடையில் கிடைக்கும். காற்றில் வரும் சத்தத்தைத் தடுப்பது இதுதான். இதன் பலம் எடை. எடையை இரட்டிப்பாக்கினால்தான் இன்னொரு 5, 6 டெசிபல் குறையும்.

ஃபோமும் ஃபெல்ட்டும்: கேபினுக்குள் எதிரொலிக்கும் கூர்மையான சத்தத்தை ஃபெல்ட்டும் திறந்த துளை ஃபோமும் உறிஞ்சும். துளை மூடிய ஃபோம், தகட்டுக்கும் கனமான வினைலுக்கும் நடுவே மெத்தையாக நிற்கும். தரைக்குச் சணல் ஃபெல்ட் வேண்டாம். ஐப்பசி மழையில் ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் ஈரத்தை வைத்துக்கொண்டு கீழே உள்ள தகட்டை அரித்துவிடும். ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம் தண்ணீரைக் குடிக்காது, வெப்பத்தையும் தடுக்கும். ஏசி சாமான் கடைகளில் ஷீட்டாகவே கிடைக்கும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட்டும் பார்வைக்கு டேம்பிங் ஷீட் போலவே இருக்கும், விலையும் குறைவு. நம் ஊர் வெயிலில் அது இளகும், தார் நாற்றம் கேபினில் தங்கும், கதவில் ஒட்டியது கீழே வழியும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தகட்டில் ஒட்டி, செங்குத்தாக நிறுத்தி, முழுப் பகல் வெயிலில் வையுங்கள். நழுவினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 1: சத்தம் எங்கிருந்து வருகிறது?

போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட உதவும். ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே கியர், கண்ணாடி ஏற்றிய நிலை. அமைப்பில் 'ஏ', 'சி' என்று இரண்டு வகை இருந்தால் இரண்டையும் குறித்து வையுங்கள். 'ஏ' அளவீடு தாழ்ந்த உறுமலைக் குறைத்தே காட்டும், பழைய வண்டிகளில் களைப்பைத் தருவதோ அந்த உறுமல்தான்.

வண்டியை நிறுத்தி ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். நின்றபடியே அந்தச் சத்தம் வந்தால் இன்ஜினோ சைலன்சரோ காரணம். ஓடும்போது மட்டும் வந்தால் டயர், காற்று, கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் பக்கம் தேடுங்கள். இரவில் பானெட்டுக்குள் பிரகாசமான விளக்கை வைத்து, உள்ளே இருட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டுக்குக் கீழே பாருங்கள். வெளிச்சம் எட்டிப் பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் சத்தமும் நுழைகிறது. கதவுக்கு ஒரு காகிதத் துண்டு போதும்: இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் பீடிங் வேலை செய்யவில்லை.

படி 2: ஷீட் வாங்கும் முன் மெக்கானிக்கிடம்

இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங், சைலன்சர் தொங்கும் ரப்பர், லீஃப் ஸ்பிரிங் புஷ் (ஸ்பிரிங் மாட்டும் இடத்து ரப்பர்), மேனிஃபோல்ட் கேஸ்கெட் (இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் கசியாமல் தடுப்பது). இவற்றில் தேய்ந்ததை மாற்றுங்கள். எக்ஸாஸ்ட் கசிவு இருந்தால் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு வரும் வழி அது. நான்கு கதவுகளுக்கும் புதிய பீடிங் போடுங்கள். சென்னையில் என்றால் பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை, பீடிங்குக்கும் மேட்டிங்குக்கும் ஜி.பி. ரோடு. ரப்பரை எப்போதும் புதிதாகவே வாங்குங்கள்.

இதோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு இதுவே போதும் என்று தோன்றிவிடும்.

படி 3: கழற்றுதல், துரு பார்த்தல்

பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். சீட், மேட்டிங், டோர் பேட் எல்லாம் வெளியே. ஒவ்வொரு பக்கத்து ஸ்குரூவையும் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள், கழற்றும் முன் போட்டோ எடுங்கள்.

ஓட்டுநர் காலடி, தரையும் வாசல்படியும் சேரும் மூலைகள், டிக்கியின் ஓரங்கள், இங்கெல்லாம் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் டிங்கர் வெட்டிப் புதுத் தகடு வைக்கட்டும். பட்டி போட்டு மூடி மேலே ஷீட் ஒட்டுவது வண்டிக்குச் செய்யும் துரோகம். மேல்துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, எபாக்சி பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். துருவின் மேல் ஷீட் ஒட்டினால் துரு உள்ளேயே வளரும், ஷீட்டும் பெயரும்.

படி 4: ஓட்டைகளை அடைத்தல்

அவசரத்தில் பலர் தாண்டிவிடும் படி இது, நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இதற்குத்தான். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதியில் எவ்வளவு கனமான பொருளைப் போட்டாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் வயர் கட்டு, ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டியரிங் தண்டு, பெடல்கள் எனப் பல நுழைவாயில்கள். பழைய எலக்ட்ரீஷியன்கள் ஹாரனுக்கும் ஸ்டீரியோவுக்கும் போட்டுவிட்டுப் போன ஓட்டைகள் வேறு.

வயர் நுழையும் இடத்தில் சரியான அளவு குரோமெட் போடுங்கள். அது வயரைத் தகடு அறுக்காமலும் காக்கும். பயன்படாத ஓட்டையைச் சிறு தகடு வைத்து மூடி சீலண்ட் பூசுங்கள். அசையும் தண்டுகளுக்கு ரப்பர் பூட் (தண்டைச் சுற்றி மூடும் உறை) வேண்டும், சீலண்ட் கூடாது. கியர் லீவர் தரையிலிருந்து வரும் மாடல் என்றால் அதன் பூட் கிழிந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

படி 5: டேம்பிங் ஷீட் ஒட்டுதல்

விரல் முட்டியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போங்கள். "டங்" என்று ஒலிக்கும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள், "டொப்" என்று அடங்கும் இடத்துக்கு ஷீட் தேவையில்லை. செய்தித்தாளை அந்த இடத்தில் வைத்து அளவு வெட்டி, அதை வைத்து ஷீட்டை வெட்டினால் வீணாகாது. அலுமினிய ஓரம் கத்தி மாதிரி கிழிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் ஒட்டுங்கள். அடுத்து ரோலர். ஷீட்டின் மேலுள்ள புடைப்பு வடிவம் தட்டையாகும் வரை அழுத்தி உருட்ட வேண்டும். உள்ளே காற்று நின்றால் அந்த இடம் வேலை செய்யாது. வளைவுகளில் ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கினால் படியும். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய் அருகே ஹீட் கன்னை எடுத்துப் போகாதீர்கள். தரையில் தண்ணீர் வடியும் துளைகளின் அடைப்புகள், சீட் போல்ட் துளைகள், வயர் முனைகள் மேல் ஒட்டக்கூடாது. அலுமினியம் மின்சாரம் கடத்தும்.

படி 6: ஃபயர்வாலிலும் தரையிலும் தடுப்பு

முதலில் 6 மில்லிமீட்டர் நைட்ரைல் ஃபோம், அதன் மேல் கனமான வினைல். நடுவே மெத்தை இருந்தால்தான் தகட்டின் அதிர்வு வினைலுக்குத் தாவாது. தகட்டோடு இறுக்கி ஸ்குரூ போட்டால் அந்தப் பயன் போய்விடும். துண்டுகள் சேரும் இடத்தில் இடைவெளி விடாமல் டேப்பால் மூடுங்கள். முடித்ததும் மூன்று பெடல்களையும் அடி வரை அழுத்திப் பாருங்கள். பிரேக்கோ ஆக்சிலரேட்டரோ எதிலாவது உரசினால் தயங்காமல் அங்கே வெட்டி எடுங்கள்.

பானெட்டின் உள்பக்கம் போட விரும்பினால், தீப்பிடிக்காது என்று குறிப்பிட்ட, இன்ஜின் அறைக்கென்றே வரும் பொருள் மட்டுமே. கேபினுக்கு வாங்கியதில் மீந்த ஃபோமை அங்கே ஒட்டாதீர்கள்.

படி 7: கதவு, டிக்கி, கூரை

கதவின் வெளித்தகட்டின் உள்பக்கம், நடுவில் ஒரு பெரிய துண்டு டேம்பிங் ஷீட் போதும். சாத்தும்போது வரும் ஒலியே மாறியிருக்கும். கீழ் விளிம்பில் உள்ள வடிகால் துளைகளை மூடாதீர்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றி இறக்கி, அதை ஏற்றும் மிஷின் எங்கும் தட்டவில்லை என்று பார்த்த பிறகே டோர் பேட்டை மாட்டுங்கள். அதற்குப் பின்னால் இருந்த பாலிதீன் தாளைத் திரும்ப ஒட்டினால்தான் மழைநீர் உள்ளே வராது.

டிக்கித் தரையும் பின்சீட்டின் முதுகுப் பின்புறமும் உறுமலுக்கு முக்கியமான இடங்கள், அங்கே ஃபோமும் வினைலும் சேர்த்துப் போடலாம். கூரை வேலையை, ரூஃப் லைனிங் எப்படியும் மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் எடுங்கள். மெல்லிய ஷீட், துளை மூடிய ஃபோம், அவ்வளவுதான்.

மொத்த எடையையும் மனதில் வையுங்கள். 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் சதுர மீட்டருக்கு 3 கிலோவைத் தாண்டும். மேலே சொன்ன அளவோடு நிறுத்தினால் ஒரு பெரியவர் கூடுதலாக ஏறிய பாரத்துக்குள் முடித்துவிடலாம்.

எல்லாம் மாட்டிய பின் அதே சாலையில் அதே வேகத்தில் மறுபடி அளங்கள். 3 டெசிபல் குறைந்தாலே ஒலியின் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள். 10 குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தெரியும். பெரிய இரைச்சல் அடங்கியதும் டேஷ்போர்டின் கிரீச்சொலி, ஸ்பீடோமீட்டர் கேபிளின் டிக் டிக் எல்லாம் புதிதாகக் கேட்கும். அவை முன்பே இருந்தவை, ஃபெல்ட் டேப்பும் கிரீஸும் போதும். முதல் பெருமழைக்கு மறுநாள் நான்கு மேட்டிங்கையும் தூக்கி, ஃபோமுக்கு அடியில் விரல் வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் வினைலை எடுத்துக் காயவைத்து, தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.