மாரியோவுக்குச் சாவே கிடையாது: எமுலேட்டரில் சீட் போடுவது எப்படி?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் பரீட்சை லீவு என்றால் டிவி கேம்தான். படம் வராவிட்டால் கேசட்டைப் பிடுங்கி, அடியில் வாயால் ஊதித் திரும்பச் சொருகுவோம். மூன்று உயிரும் போனால் ஜாய்ஸ்டிக் அடுத்தவன் கைக்குப் போய்விடும். போன வாரம் அக்கா மகன் என் லேப்டாப்பில் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆடிவிட்டு, "மாமா, மூணு உயிரும் போயிட்டு. மறுபடி மொதல்லேருந்தா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டான். அவனுக்குச் செய்து காட்டிய சீட் (cheat), அதாவது கேமை ஏமாற்றும் குறுக்குவழிதான் இது.

நான் பயன்படுத்துவது ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர், அதாவது பழைய கேம் மெஷின் போலவே கம்ப்யூட்டரில் நடிக்கும் மென்பொருள். அதில் எஃப்சிஇயூஎம்எம் (FCEUmm) கோர், அதாவது இந்த கேம் ஓடிய நின்டென்டோ என்இஎஸ் மெஷினுக்கான பகுதி. கேமை ஓடவிட்டு, முதலில் ஒரு சேவ் ஸ்டேட் (கேம் நிற்கிற நிலையை அப்படியே சேமிப்பது) போட்டுவிடுங்கள். சீட் ஏதாவது ஏடாகூடம் செய்தால் திரும்பி வர வழி வேண்டுமே.

படி 1: ஆயத்தக் கோடு (code)

எஃப்1 அழுத்தினால் மெனு வரும். குவிக் மெனு, அதற்குள் சீட்ஸ். 'ஆட் நியூ சீட் டு டாப்' கொடுத்து, புதிதாக வந்த வரியைத் திறங்கள். ஹேண்ட்லர் என்ற இடத்தில் 'எமுலேட்டர்' இருக்க வேண்டும். கோடு என்ற இடத்தில் எஸ், எக்ஸ், ஐ, ஓ, பி, ஓ என்ற ஆறு எழுத்தைத் தட்டுங்கள். சீட்டை ஆன் செய்து, பின்னால் வந்து 'அப்ளை சேஞ்சஸ்' கொடுங்கள். இதை மறந்துவிட்டு "வேலை செய்யலையே" என்பவர்கள்தான் அதிகம்.

அந்த 'ஓ' எழுத்துதான், பூஜ்யம் இல்லை. இது கேம் ஜீனி கோடு. கேசட்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் சொருகுகிற கருவியாக 1990களின் தொடக்கத்தில் விற்றது. இந்த மெஷினுக்கான அதன் கோடுகளில் 16 எழுத்துகள் மட்டுமே உண்டு, எண்ணே கிடையாது.

இந்த ஆறெழுத்து செய்வது ரொம்பச் சின்ன வேலை. மாரியோ செத்ததும் 'உயிரில் ஒன்றைக் குறை' என்று ஒரு கட்டளை ஓடும். கோடு அதை 'உயிரைப் படித்துப் பார்' என்று மாற்றிவிடுகிறது. படித்துப் பார்த்தால் குறையுமா?

படி 2: நாமே தேடிப் பிடிப்பது

கோடு கிடைக்காத கேமுக்கு இதுதான் வழி, எனக்குப் பிடித்ததும் இதுதான். படி 1 சீட்டை அணைத்து 'அப்ளை சேஞ்சஸ்' கொடுத்துவிட்டு, கேமைப் புதிதாகத் தொடங்குங்கள்.

இந்த மெஷினின் சொந்த நினைவகம் வெறும் 2,048 பைட். அதில் ஏதோ ஓர் அறையில் உயிர்க்கணக்கு இருக்கிறது. திரையில் 3 என்று இருக்கிறதே என்று 3ஐத் தேடி நான் அரைமணி நேரம் வீணாக்கினேன். இந்த கேம் உள்ளே 2 என்று வைத்துக்கொண்டு, ஒன்றைக் கூட்டித்தான் காட்டும். அதனால் எண்ணைத் தேடாதீர்கள், மாற்றத்தைத் தேடுங்கள்.

சீட்ஸ் மெனுவில் தேடலைத் தொடங்கி, 8 பிட் என்று வையுங்கள். கேமுக்குப் போய் ஒருமுறை சாகுங்கள். திரும்பி வந்து 'லெஸ் தேன் பிஃபோர்' கொடுங்கள். அப்புறம் சாகாமல் கொஞ்சம் ஓடிக் குதித்துவிட்டு 'ஈக்வல் டு பிஃபோர்'. மறுபடி ஒரு சாவு, மறுபடி 'லெஸ் தேன்'. ஆயிரக்கணக்கில் இருந்தது விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிடும். அவற்றைப் பட்டியலில் சேர்த்து, மதிப்பை 8 என்று வைத்து ஒவ்வொன்றாக ஆன் செய்து பாருங்கள். அடுத்த சாவுக்குப் பிறகு திரையில் 9 வந்தால் அதுதான்.

255 வைத்தால் என்ன என்று மருமகன் கேட்டான். வைத்துப் பார்த்தோம், ஒரே சாவில் கேம் ஓவர்! 127க்கு மேல் போனால் கேம் அதை மைனஸ் எண்ணாக எடுத்துக்கொள்கிறது.

இப்போது அவனுக்கு உயிர்ப் பஞ்சம் இல்லை. "நேரத்தையும் நிறுத்தலாமா மாமா?" என்கிறான். நிறுத்தலாம். ஆனால் 400 என்று தேடினால் சிக்காது, மூன்று இலக்கமும் தனித்தனி அறையில் இருக்கின்றன. 400இல் நிற்கும்போது தேடலைத் தொடங்கி, 399 ஆனதும் 'லெஸ் தேன் பிஃபோர்' கொடு என்று சொல்லியிருக்கிறேன். நூறாம் இலக்கத்தை மட்டும் பிடித்தால் போதும்.