வேர்த்தா உடம்புல இருக்குற ஈயம், பாதரசம் எல்லாம் போயிடுமா? எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது

என் அண்ணன் பழைய பேட்டரி பிரிக்கிற பட்டறையில ஆறு வருஷம் வேலை பாத்தாரு. ரத்தத்துல ஈயம் ஜாஸ்தியா இருக்குன்னு ரிப்போர்ட் வந்ததும் யாரோ சொன்ன பேச்ச கேட்டு உடம்பு பூரா பிளாஸ்டிக் ஷீட் சுத்திக்கிட்டு அதுக்கு மேல ஜெர்கின் மாட்டி வெயில்ல ஓட ஆரம்பிச்சிட்டாரு, வேர்வை ஊத்துச்சுன்னா விஷம் எல்லாம் இறங்கிடும்னு. நாலாவது நாள் ரோட்டுல மயங்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில அவர் பக்கத்துல உக்காந்திருந்த அந்த ராத்திரியில இருந்துதான் இதப் பத்தி தேடித்தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், வேற யாரும் அப்படி விழக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன்.

மொதல்ல வேர்வைன்னா என்னன்னு பாத்துடுவோம். நம்ம தோல்ல 20 லட்சத்துல இருந்து 40 லட்சம் வரைக்கும் வேர்வை சுரப்பிகள் இருக்கு, அதுங்களோட வேலை உடம்பைக் குளிர வைக்கிறது. வேர்வையில கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணிதான், மிச்சம் உப்பு, கொஞ்சம் பொட்டாசியம், யூரியா, லாக்டிக் அமிலம் இப்படி. அப்போ உலோகமே வராதான்னா, வரும். ஆர்சனிக், காட்மியம், ஈயம், பாதரசம் நாலுமே வேர்வையில இருக்குறத பல ஆய்வுகள் காட்டியிருக்கு, 2012ல அதையெல்லாம் ஒண்ணா சேத்து ஒரு தொகுப்பும் வந்துச்சு. ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. தோல் மேல ஒட்டியிருக்குற தூசியில இருக்குற ஈயமும் வேர்வையோட கலந்து சாம்பிள்ல வந்துடும், உள்ள இருந்து வந்தது எவ்வளவு வெளிய ஒட்டினது எவ்வளவுன்னு பிரிக்கிறது கஷ்டம். அதுவும் பட்டறையில வேலை பாக்குறவங்களுக்குக் கேக்கவே வேணாம். அதனால வேர்வை ஒரு சின்ன சந்து மாதிரின்னு வச்சுக்கங்க, மெயின் ரோடு வேற.

அந்த மெயின் ரோடு கிட்னியும் கல்லீரலும்தான். கிட்னி ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டுது, அதுல ஒண்ணு ரெண்டு லிட்டர்தான் சிறுநீரா வருது, மத்ததெல்லாம் திரும்ப உடம்புக்கே போயிடுது. ஆர்சனிக்க கல்லீரல் கொஞ்சம் மாத்திக் குடுக்கும், பெரும்பகுதி சில நாள்லயே சிறுநீர்ல போயிடும். மீன்ல இருந்து வர்ற பாதரசம் பித்தத்தோட குடலுக்கு வந்து மலத்துல போகும், ஆனா அதுல ஒரு பங்க குடல் திரும்ப உறிஞ்சிக்கும், அதனால ரத்தத்துல அது பாதியாக் குறையவே 50 நாள் மாதிரி ஆகும். ஈயம் ரத்தத்துல பாதியாக ஒரு மாசம் போல ஆகும், ஆனா அது எலும்புக்குள்ள போய் உக்காந்துடுச்சுன்னா வருஷக்கணக்கு. பெரியவங்க உடம்புல இருக்குற ஈயத்துல 90 சதவீதத்துக்கு மேல எலும்புலதான் இருக்கு. காட்மியம் இன்னும் மோசம், கிட்னியிலயே தங்கிடும், பாதியாகறதுக்கு 10ல இருந்து 30 வருஷம். எலும்புக்குள்ளயும் கிட்னிக்குள்ளயும் ஒக்காந்திருக்குற ஒண்ண அரை மணி நேரம் வேர்த்து எப்படி இழுக்க முடியும், நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அதனால முதல் வேலை உள்ள வர்றத நிறுத்துறது. இதச் செய்யாம மத்தது எது செஞ்சாலும் ஓட்டைக் குடத்துல தண்ணி புடிக்கிற கதைதான். பேட்டரி, ஈயப்பத்து வைக்கிற வேலை, பழைய பெயின்ட் சுரண்டுறது இதெல்லாம் பண்றவங்க வேலை எடத்துல சாப்பிடக்கூடாது, புகைக்கக்கூடாது, கைய சோப்பு போட்டு நல்லா கழுவிட்டுதான் வாய்கிட்ட கொண்டு போகணும். வேலைத் துணிய அங்கயே மாத்திட்டு வாங்க, வீட்டுத் துணியோட சேத்துத் துவைக்காதீங்க, அந்தத் தூசி கொழந்தைங்க வாய்க்குத்தான் போகும். சிகரெட்ல காட்மியம் இருக்கு, அத விடுறது எந்த ஸ்டீம் பாத்தையும் விடப் பெருசு. போர் தண்ணியில ஆர்சனிக் இருக்குன்னு சந்தேகம்னா காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்னு நெனைக்காதீங்க, தண்ணிதான் ஆவியாகும், ஆர்சனிக் அப்படியே நிக்கும், டெஸ்ட் பண்ணி வேற தண்ணிக்கு மாறணும்.

ரெண்டாவது சாப்பாடு. உடம்புல இரும்புச்சத்தும் கால்சியமும் கம்மியா இருந்தா குடல் ஈயத்த ஜாஸ்தியா உறிஞ்சும், அதனால ரத்தசோகை இருந்தா அத சரி பண்ணுங்க. பட்டினி கெடந்து டீடாக்ஸ் பண்றது நேர் எதிரான வேலை, வெறும் வயித்துல ஈயம் இன்னும் நல்லா ஏறும். தண்ணி தேவைக்குக் குடிங்க, மலச்சிக்கல் வராம பாத்துக்கங்க.

இப்போ வேர்வைக்கு வருவோம், ஏன்னா வேர்க்க வேணாம்னு நான் சொல்லவே இல்ல. ஓடுறது, வேகமா நடக்குறது, சானா (சூடேத்தின அறைக்குள்ள உக்காந்து வேர்க்குறது) எல்லாம் நல்லதுதான், இதயத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லது, கூட துளி உலோகம் போனா போகட்டும். எப்படிப் பண்ணணும்னா, மொத வாரம் கொஞ்சமா ஆரம்பிச்சு உடம்பப் பழக்கணும், பழகப் பழக வேர்வையில போற உப்பு குறையும். சானா சூடு 80, 90 டிகிரி இருக்கும், புதுசா போறவங்க அஞ்சு பத்து நிமிஷத்துல வெளிய வந்துடுங்க, பழகினவங்களுக்கே ஒரு தடவைக்கு 15, 20 நிமிஷம் போதும். முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, ஒரு கிலோ கொறஞ்சா ஒரு லிட்டர் தண்ணி போயிருக்குன்னு அர்த்தம், அத மெதுவா குடிச்சு ஈடு கட்டுங்க. மணிக்கணக்குல வேர்த்தா உப்பும் சேத்து எடுக்கணும், வெறும் தண்ணிய லிட்டர் லிட்டரா ஊத்துனா ரத்தத்துல சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகும். முடிஞ்சதும் சோப்பு போட்டுக் குளிச்சிடுங்க, தோல் மேல இருக்குற தூசி போறதுக்காகவே.

பிளாஸ்டிக் சுத்துறது, ரப்பர் சூட் போடுறது மட்டும் தயவுசெஞ்சு வேணாம். வேர்வை ஆவியானாதான் உடம்பு குளிரும், மூடிட்டா அது ஆவியாக வழியே இல்ல, உள்சூடு 40 டிகிரியத் தாண்டிச்சுன்னா ஹீட் ஸ்ட்ரோக், உயிரே போகலாம். 2009ல அரிசோனாவுல ஒரு ஆன்மிக முகாம்ல சூடான கூடாரத்துக்குள்ள ரொம்ப நேரம் உக்கார வச்சதுல 3 பேர் செத்துப் போனாங்க. தலை சுத்துது, குமட்டுது, பேச்சு குழறுதுன்னா அந்த நிமிஷமே வெளிய வந்து உடம்பக் குளிர வைக்கணும், ஆளு குழம்புறாருன்னா ஆம்புலன்ஸ் கூப்பிடணும். கர்ப்பமா இருக்குறவங்க, சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்தவங்க, பிரஷருக்கு நீர் பிரிய மாத்திரை எடுக்குறவங்க டாக்டரக் கேக்காம இதுல எறங்காதீங்க. குடிச்சிட்டு சானாவுக்குள்ள போகவே கூடாது.

பாதத்துல ஒட்டி காலையில கருப்பானா விஷம் வந்துடுச்சுன்னு சொல்ற பேட்ச் இருக்கு பாருங்க, அதுல சும்மா பச்சத் தண்ணி விட்டாலே கலர் மாறும். காசு வேஸ்ட்.

உலோகம் இருக்கான்னு தெரிஞ்சிக்க ஈயத்துக்கு ரத்த டெஸ்ட், ஆர்சனிக்குக்கு சிறுநீர் டெஸ்ட், அதுக்கு முன்னாடி சில நாள் கடல் மீன் சாப்பிடாதீங்க, அதுல இருக்குற ஆபத்தில்லாத வகை ஆர்சனிக் ரிசல்ட்ட ஏத்திக் காட்டும். ரத்தத்துல ஈயம் டெசிலிட்டருக்கு (அதாவது 100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராம் இல்ல அதுக்கு மேல இருந்தா எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லியிருக்கு. ரொம்ப ஏறியிருந்தா சக்சிமர் மாதிரி உலோகத்தப் பிடிச்சு இழுக்குற மருந்து இருக்கு, ஆனா அது ஆஸ்பத்திரி வேலை, ஆன்லைன்ல வாங்கிப் போடுற விஷயம் கிடையாது. அமெரிக்காவுல 2003க்கும் 2005க்கும் நடுவுல இந்த மாதிரி மருந்து ஏத்தி கால்சியம் கீழ இறங்கி 3 பேர் இறந்திருக்காங்க, அதுல ரெண்டு பேர் கொழந்தைங்க.

அண்ணன் பட்டறைய விட்டு வேற வேலைக்குப் போனாரு. மொத ரெண்டு மாசம் ஈயம் கிடுகிடுன்னு எறங்குச்சு, அப்புறம் அப்படியே நின்ன மாதிரி ஆயிடுச்சு, அவரு பயந்து திரும்பவும் அந்த ஷீட்ட எடுக்கப் பாத்தாரு. எலும்புல இருக்குறது கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்கு வந்துக்கிட்டே இருக்கும், அதனாலதான் மெதுவா எறங்குது, பயப்படாதீங்கன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் அத கீழ வச்சாரு. இப்போ மூணு மாசத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் எடுக்குறாரு, காலையில சாதாரண காட்டன் பனியன்ல நடக்குறாரு.